முப்பத்தொன்றும் ஒன்றும்

மளிகைக் கடையில் மாவுப் பைகள் அடுக்கியிருந்த வரிசையில் வைத்துக் கானி ட்வெட், ஆர்டிஸ் ஹாகனின் முழங்கையைப் பிடித்தாள். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், நாற்பது வருடத்துக்கு மேல் பழக்கம். ஆனாலும் கானி அப்படி யாரையும் பிடித்து நிறுத்துகிற ஆள் இல்லை.

"ஆர்டிஸ், ஒன்னு கேக்கணும். யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்லு."

"மெர்லோட துப்பாக்கிங்கள யாராவது கொஞ்ச நாளைக்கு எடுத்து வச்சுக்க முடியுமா?"

ஆர்டிஸ் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். "அவன்கிட்ட கேட்டுப் பாத்தியா?"

"கேட்டா அன்னியோட எங்க புருஷன் பொண்டாட்டி உறவு முறிஞ்சுது. மாட்டையெல்லாம் வித்ததுலேர்ந்து அவன் சரியில்ல. காலைல எழுந்து பூட்ஸ் மாட்டிக்கறான். எங்கயும் போறதில்ல. மாட்டிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கான், பொழுது சாயற வரைக்கும்."

சொல்லிவிட்டுக் கானி சட்டென்று ஒரு மாவுப் பையைத் தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டாள். பக்கத்து வரிசையில் பாதிரியாரின் மனைவி வந்துகொண்டிருந்தாள்.

கானி அவளிடம் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மொன்டானாவின் கிழக்குக் கோடியில், ஆறாயிரத்து நானூறு பேர் வாழும் அந்த மாவட்டத்துக்கு ஆர்டிஸ்தான் மரண விசாரணை அதிகாரி. மருத்துவமனைக்கு வெளியே யார் எப்படி இறந்தாலும் அவள் போய்ப் பார்த்து, எப்படி நேர்ந்த சாவு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வருடத்துக்கொரு முறை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி அது. பதினான்கு வருடங்களுக்கு முன்பு இருந்தவர் இடுப்பு ஒடிந்து விலகியபோது வேறு யாரும் முன்வரவில்லை. ஈமச்சடங்கு இல்லத்தில் இறந்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் வேலை செய்துகொண்டிருந்த ஆர்டிஸிடம், 'உனக்குத்தான் பயமில்லையே' என்று சொல்லிப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அதற்குப் பிறகு அவளை எதிர்த்து ஒருவரும் போட்டியிட்டதில்லை.

ஐம்பத்தெட்டு வயது. உயரமான உடம்பு, ஆண்களைப் போல நீட்டி வைத்து நடக்கும் நடை. பன்னிரண்டு வயதில் அப்பாவுடன் போய் முதல் மானைச் சுட்டவள். அவள் வீட்டிலும் ஆறு துப்பாக்கிகள் உண்டு. பிக்கப் வண்டியின் பின்கண்ணாடிக்கு மேலே ஒரு ரைஃபிள் எப்போதும் தொங்கும். அந்த ஊரில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நிற்கும் வண்டிகளில் பாதிக்கு அப்படித்தான்.

கானி கேட்ட அன்று மதியமே ஆர்டிஸ், மாவட்டக் காவல் தலைவரான ஷெரீஃபைப் போய்ப் பார்த்தாள். ராய்ஸ் என்ற அந்த ஷெரீஃப் நல்ல மனிதர்தான். சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"மெர்ல் யாரையாவது மிரட்டினானா?"

"இல்ல."

"குடிச்சிட்டு எங்கயாவது சுட்டானா?"

"அவன் குடிக்கறதே இல்ல ராய்ஸ்."

"அப்ப நான் எந்தச் சட்டத்த வச்சு அவன் கதவத் தட்டறது? அவனோட பொருள், அவனோட வீடு. நீ போ. ஒரு காபி குடி. நைசாக் கேட்டுப் பாரு. நீ கேட்டா தருவான்."

அடுத்த நாள் போனாள். மெர்ல் கதவைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன ஆர்டிஸ், நீ வீட்டுக்கு வர்றன்னா அங்க ஒரு ஆள் செத்திருக்கணுமே? நான் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுதானே இருக்கேன்?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன். காபி இருக்கா?"

"காபிக்கு இன்னும் வறட்சி வரல."

சிரித்தாள். அவனும் சிரித்தான். சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து வைக்கோல் விலையைப் பேசினார்கள். பள்ளிக் கூடைப்பந்து அணி தோற்றதைப் பேசினார்கள். அவன் காலில் பூட்ஸ் இருந்தது, அதில் ஒரு துளி மண் இல்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து கூடத்துக் கண்ணாடி அலமாரி தெரிந்தது. உள்ளே துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. மூன்று தடவை வாயெடுத்தாள். மூன்று தடவையும் வேறு எதையோ கேட்டாள். அந்தச் சீமையில் ஓர் ஆணிடம் போய்த் துப்பாக்கியைக் கொடு என்று கேட்பது, உனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான். அதற்கப்புறம் அவன் எப்படி ஊருக்குள் தலைகாட்டுவான் என்று நினைத்தாள். இவ்வளவு சிரிக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்றும் நினைத்தாள். நாற்பது நிமிடம் கழித்து எழுந்தாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினோரு மணிக்கு ராய்ஸ் கூப்பிட்டார். பெயரைக்கூடச் சொல்லவில்லை. "கிளம்பி வா ஆர்டிஸ்," என்றார்.

வீட்டுப் படியில் கானி கோட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஆர்டிஸ் கிட்டே போனதும் தலையைத் தூக்கினாள்.

"கேட்டியா?"

"இல்ல," என்றாள் ஆர்டிஸ்.

கானி தலையை ஆட்டிக்கொண்டாள். ஆர்டிஸ் அவளைத் தாண்டித் தானியக் கொட்டகைப் பக்கம் போய்த் தன் வேலையைச் செய்தாள்.

திரும்பி வரும்போது மெர்லின் அண்ணன் வண்டியருகே காத்திருந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தான்.

"ஆர்டிஸ், ஒரு உபகாரம். துடைக்கும்போது வெடிச்சிடுச்சுன்னு எழுதிடேன். விபத்துன்னு. யாருக்கு என்ன நஷ்டம்? பேரப்பசங்க இருக்காங்க."

பதினான்கு வருடமாக அவள் கேட்டுவரும் வார்த்தைகள்தான். ஒருத்தருக்கும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. "முடியாது," என்றாள். "மன்னிச்சுக்கோ. முடியாது."

"நீ கல்லு," என்றான் அவன்.

அன்று மாலை படிவத்தை நிரப்பியபோதுதான் முதல்முறையாகப் பழைய கோப்புகளை எல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பினாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் பதவிக்கு வந்த நாளிலிருந்து அந்த மாவட்டத்தில் துப்பாக்கியால் இறந்தவர்கள் முப்பத்தொரு பேர். வேட்டையில் கை தவறிப் போனவர்கள் இரண்டு. எப்படியென்று முடிவு செய்ய முடியாதது ஒன்று. ஒருவன் இன்னொருவனைச் சுட்டது ஒன்றே ஒன்று, அதுவும் வெளியூர்க்காரர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் போட்ட சண்டை. மீதி இருபத்தேழு பேரும் மெர்லைப் போலப் போனவர்கள். அதில் இருபத்து நான்கு ஆண்கள். எல்லாருடைய வீட்டுச் சமையலறையும் அவளுக்குத் தெரியும்.

காபிக் கடையில் தொலைக்காட்சி ஓடும். ஏதாவது பெருநகரத்தில் துப்பாக்கிச் சூடு, பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும். காலை நேரத்தில் அங்கே கூடும் ஆண்கள் தலையை ஆட்டுவார்கள். "நம்ம ஊர்ல எல்லார் வீட்லயும் இருக்கு. ஒரு வம்பு உண்டா?" என்பார்கள். ஆர்டிஸ் அந்த மேசையிலேயே உட்கார்ந்து முட்டை சாப்பிட்டவள்தான். அவளும் தலையாட்டியவள்தான்.

குளிர்காலத்தில் மாநிலத் தலைநகரில் ஒரு மசோதா வந்தது. ஒருவன் தன்னையோ பிறரையோ சுட்டுவிடுவான் என்று குடும்பத்தார் அஞ்சினால், நீதிபதியிடம் போய்ச் சொல்லலாம். நீதிபதி விசாரித்து, அவனுடைய துப்பாக்கிகளைக் கொஞ்ச காலத்துக்கு வாங்கி வைக்கச் சொல்லலாம். அவ்வளவுதான் அதில் இருந்தது. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரில் வேறு பேச்சே இல்லை. இன்றைக்கு யாரோ ஒருவனிடமிருந்து வாங்குவான், நாளைக்கு உன்னிடமும் என்னிடமும் வாங்குவான் என்றார்கள். அரசாங்கம் பட்டியல் போடுகிறது என்றார்கள். விவாகரத்துக்கு நிற்கும் மனைவி கோபத்தில் பொய்ப்புகார் கொடுத்தால் என்ன செய்வாய் என்றார்கள். அது நியாயமான கேள்வி என்று ஆர்டிஸுக்கும் பட்டது. மசோதாவை ஆதரித்த நகரத்துப் பெண்ணொருத்தி எங்கிருந்தோ தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து அவளை அழைத்தாள். சட்டமன்றக் குழு அதைப் பற்றி மக்களைக் கேட்கும் விசாரணையன்று வந்து, துப்பாக்கிச் சாவுகளின் எண்ணிக்கையைச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

கணவர் வெண்டலிடம் சொன்னபோது அவர் மான் இறைச்சியை அரைத்துக்கொண்டிருந்தார். மாவட்டச் சாலைகளைச் சமன்படுத்தும் எந்திரத்தை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அங்க போய் நின்னா, நம்மகிட்டேர்ந்து பிடுங்க வர்றவங்களோட நீயும் நின்ன மாதிரி ஆயிடும்."

"நான் எண்ணிக்கைய மட்டும்தான் சொல்லப் போறேன்."

"எண்ணிக்கைன்னு ஒன்னு தனியா ஏதும்மா? யார் பக்கத்துல நின்னு சொல்றியோ, அது அவங்களோடதாயிடும்."

"அப்ப யார்தான் சொல்றது?"

வெண்டல் கை துடைத்த துணியை மடித்து வைத்தார். "யாரும் சொல்லாமதான் இத்தனை நாள் இருந்தோம்," என்றார். பிறகு, "வண்டிக்கு டயர் மாத்தணும். ஐஸ் இருக்கும். நான் மாத்தித் தர்றேன்," என்று எழுந்து போனார்.

தலைநகருக்கு ஏழு மணி நேரப் பயணம். முந்தின நாளே போய் ஒரு விடுதியில் தங்கினாள். கூட்ட அறையில் உட்கார இடமில்லை. ஒரு பக்கம் ஒரே நிறத்தில் சட்டை போட்ட பெண்கள், மடியில் இறந்துபோனவர்களின் புகைப்படங்கள். இன்னொரு பக்கம் தொப்பியும் கொடி வில்லையும் அணிந்த ஆண்கள், சிலர் இடுப்பில் கைத்துப்பாக்கி. ஆளுக்கு இரண்டு நிமிடம். கூடுதலாகப் பேசினால் தலைவர் மேசையைத் தட்டுவார்.

ஒரு தாய் பேசினாள். விருந்துக்குப் போன மகள் திரும்பி வரவில்லை என்றாள். இரண்டு நிமிடத்தில் பாதி அழுகையில் போயிற்று. அடுத்து ஒரு பண்ணைக்காரர் எழுந்தார். நாட்டில் ஒரு வருடத்துக்கு இத்தனை ஆயிரம் துப்பாக்கிச் சாவு என்று பயமுறுத்துகிறார்களே, அதில் பாதிக்கு மேல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள், அதை ஏன் வன்முறையோடு சேர்த்துக் கூட்டிக் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். "எண்ணைப் பெருசாக்கி எங்க சொத்தைச் சின்னதாக்கப் பாக்கறீங்க," என்றார். ஒரு பக்கம் கைதட்டல், மறுபக்கம் சீறல்.

ஆர்டிஸின் முறை வந்தது. காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். முப்பத்தொன்று. இரண்டு, ஒன்று, ஒன்று, இருபத்தேழு. மெர்லின் பெயரைச் சொல்லவில்லை. "ஒரு குடும்பம் முன்கூட்டியே உதவி கேட்டது. யாராலும் செய்ய முடியல. செஞ்சிருக்கக்கூடியவ ஒருத்தி இருந்தா, அவளும் செய்யல," என்று மட்டும் சொன்னாள். உட்காரப் போனாள்.

குழுவில் ஒருவர் கையைத் தூக்கினார். வெள்ளி மீசை, மரியாதையான குரல்.

"மேடம், அந்த இருபத்தேழையும் நீங்க வன்முறைன்னுதான் சொல்வீங்களா?"

"அதுக்கு என்ன பேர் வைக்கறதுன்னு எனக்குத் தெரியாதுங்க. என் படிவத்துல அப்படி ஒரு கட்டம் இல்ல."

சிலர் சிரித்தார்கள். அவரும் புன்னகைத்தார்.

"இன்னொன்னு. ஒரு சின்ன மாவட்டம். ஒரே ஒரு ஆள் போய்ப் பாத்து, தன் புத்திக்குத் தோணினத எழுதறது. இதுல தப்பு வராதுன்னு எப்படி நம்பறது? ஒரு சட்டத்தையே இந்த எண்ணிக்கை மேல கட்டச் சொல்றீங்களே?"

அவள் 'என் எண்ணிக்கை சரியானது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவர் தப்பு என்ற வார்த்தையைச் சொன்னதும், முப்பத்து நான்கு வருடமாக நெஞ்சில் கிடந்தது நாக்குக்கு வந்துவிட்டது.

"தப்பு வருமுங்க. ஒரு தப்பு எனக்கே தெரியும். நான்தான் பண்ணேன்."

தலைவர் மேசையைத் தட்டக் கையைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"எனக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தான். கீத்னு பேரு. முப்பத்தொரு வயசு. அன்னிக்கு அவன் வீட்டுக்கு மொதல்ல போனது நான்தான். பட்டறைல கெடந்தான். அவன் பொண்டாட்டி ஊர்ல இல்ல, அரை மணி நேரத்துல வந்துடுவான்னு தெரியும். நான் வீட்டுக்குள்ள ஓடினேன். எண்ணெய் டப்பாவையும் ஒரு துணியையும் தேடி எடுத்துக்கிட்டு வந்து அவன் பக்கத்துல வச்சேன். அப்புறம்தான் ஷெரீஃபக் கூப்பிட்டேன். அப்ப இருந்த அதிகாரி வந்தாரு. துணியப் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. விபத்துன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அதனால எங்க மாவட்டத்துப் பழைய கணக்குல ஒன்னு கொறச்சல். ஒருவேளை அதுக்கும் மேல இருக்கலாம். நீங்க வச்சிருக்கற எண்ணிக்கைல தப்பு இருக்குங்க. அது கூடச் சொன்னதால வந்த தப்பு இல்ல."

இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. யாரும் கைதட்டவில்லை.

வெளியே தாழ்வாரத்தில், அவளை அழைத்திருந்த நகரத்துப் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இதை வீடியோவா எடுக்கலாமா? உங்க அண்ணன் படம் ஏதாவது இருக்கா? நாடு முழுக்கப் போகும்," என்றாள். ஆர்டிஸ் அவள் கைகளை மெல்ல விலக்கினாள். தண்ணீர்க் குழாயருகே நின்ற ஒருவர் சத்தமாகவே சொன்னார், "பொய்ச் சாட்சி வச்ச பொம்பள. இவ சொல்ற எண்ணிக்கையத்தான் நாம நம்பணுமாம்." அவரையும் தாண்டிப் போனாள். பிற்பகலில் குழு ஓட்டெடுத்து மசோதாவைத் தோற்கடித்தது. அவள் அப்போது பாதி வழி வந்துவிட்டிருந்தாள். வெண்டல் தொலைபேசியில் சொன்னார். "சரி," என்றாள். பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் அடிக்கும் காற்றைக் கேட்டபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஜனெல்லுக்கு அழைக்கலாமா என்று நினைத்தாள். கீத்தின் மனைவி அவள். மறுமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்தவள், ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஆர்டிஸின் வீட்டுக்குப் பழப்பணியாரம் சுட்டுக்கொண்டு வருகிறவள். எண்ணை எடுத்தாள். பிறகு தொலைபேசியை இருக்கையில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

அவள் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. வாரப் பத்திரிகை அவள் சொன்னதை எல்லாம் வரி பிசகாமல் போட்டது. காபிக் கடையில் அவள் நுழைந்தால் டுவேன் என்ற விதைக்கடைக்காரன், "ஏய், ஆர்டிஸ் வர்றாங்கடா, எல்லாரும் துப்பாக்கி இருக்கான்னு இடுப்பத் தொட்டுப் பாத்துக்கங்க!" என்பான். மேசை முழுக்கச் சிரிக்கும். அவளும் முதல் வாரம் சிரித்தாள். பிறகு முட்டையை வீட்டிலேயே சாப்பிடத் தொடங்கினாள்.

அதைவிட மோசமானது சிரிக்காதவர்கள்தான். இருபத்தேழு வீடுகள். அவள் ஒரு பெயரும் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு சிறிய இடத்தில் இருபத்தேழு என்றால் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தேவாலயத்தில் ஒரு கிழவர் அவள் உட்கார்ந்த வரிசையிலிருந்து எழுந்து, ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி, பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். அவருடைய மகன் ஆறு வருடத்துக்கு முன்பு போனவன். வேறு சிலர் வேறு மாதிரி. தபால் நிலையத்தில் ஒரு பெண் அவள் கையை ஒரு கணம் இறுக்கிப் பிடித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கானி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளிடம் போய்விட்டாள். போகுமுன் சொல்லிக்கொள்ள வரவில்லை. அந்தச் சட்டம் இருந்திருந்தால் கானி நீதிபதி முன்னால் போய் நின்றிருப்பாளா என்று ஆர்டிஸ் பல தடவை நினைத்துப் பார்த்தாள். போயிருக்க மாட்டாள் என்றுதான் பெரும்பாலும் தோன்றியது. சட்டம் இல்லாமலும், சமையலறையில் உட்கார்ந்து ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கலாம். அதுவும் போதாமல் போயிருக்கலாம். இதற்கு மேல் அவள் எண்ணத்துக்கு வழி கிடைக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் வெண்டலுடன் வேட்டைக்குப் போனாள். போகமுடியாது என்று நினைத்திருந்தாள், முடிந்தது. எப்போதும்போல ஒரு மானைச் சுட்டாள், உரித்தாள், குளிர்பெட்டியில் வைத்தாள். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுவருடம் தேர்தல். அவள் பதவிக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக எதிர்த்து ஓர் ஆள் நின்றான். கர்ட் பெல்சர் என்று பெயர், காப்பீட்டு முகவர், கைகுலுக்குவதில் கெட்டிக்காரன். ஊர் எல்லையில் வேலிக்கம்பங்களில் அட்டை கட்டினான்: 'உங்கள் துக்கம் உங்கள் வீட்டோடு. பெல்சருக்கு வாக்களியுங்கள்.' அதைப் படித்துவிட்டு வெண்டல், "அவன் பேருக்கு மேல எழுதியிருக்கறது உன்னப் பத்தித்தான், பேர் போடாட்டியும் பாக்கற எல்லாருக்கும் அது தெரியும்," என்றார். ஆர்டிஸ் அட்டை ஏதும் கட்டவில்லை. பிரசாரமும் செய்யவில்லை. பெல்சருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு ஓட்டு, அவளுக்கு எண்ணூற்றுப் பதினொன்று. அந்த எண்ணூற்றுப் பதினொன்றைப் பார்த்து அவள் ஆச்சரியப்பட்டாள். அவள் எதிர்பார்த்தது இருநூறு.

புத்தாண்டு பிறந்து பதவியை ஒப்படைத்த அன்று, கர்ட் பெல்சரிடம் கோப்பு அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, "கொழந்தை செத்த வீட்டுக்குக் கூப்பிட்டா தனியாப் போகாத. ராய்ஸக் கூட்டிக்கிட்டுப் போ," என்றாள்.

"எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காங்க," என்றான் அவன். பிறகு கொஞ்சம் குரல் தாழ்த்தி, "தனிப்பட்ட கோபம் ஒன்னும் இல்லைங்க. எங்க சித்தப்பா உங்க இருபத்தேழுல ஒருத்தர்," என்றான்.

"தெரியும்," என்றாள் ஆர்டிஸ்.

ஜனெல் வந்தது ஏப்ரலில். தலைநகர் விசாரணைக்குப் பிறகு வந்த எந்த ஈஸ்டருக்கும் அவள் வரவில்லை. பனி உருகி முற்றம் முழுக்கச் சேறாக இருந்த ஒரு பிற்பகல். வண்டியை விட்டு இறங்காமல் ஹார்னை அடித்தாள். ஆர்டிஸ் வெளியே போய், ஜன்னலோரம் சேற்றில் நின்றாள். ஜனெல் நேரே பார்த்தபடி பேசினாள்.

"அந்தத் துணி எந்தத் துணின்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"ஏதோ துணி. அடுப்புப் பக்கத்துல கெடந்தது."

"பாத்திரம் துடைக்கற துணி. அம்மா எனக்குக் கல்யாணத்துக்குப் பூ வேலை பண்ணிக் குடுத்தது. கீத் அதுல துப்பாக்கியத் துடைச்சான்னா, மொதல்ல நானே அவனச் சுட்டிருப்பேன்னு அவனுக்குத் தெரியும்." ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். "அன்னிக்கே தெரியும் எனக்கு. ஷெரீஃப் அதைப் பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போகும்போதே தெரியும்."

ஆர்டிஸ் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் ஏன் ஒரு நாளும் கேக்கல?"

"கேட்டா நீ உண்மையச் சொல்லிடுவியே." ஜனெல் இப்போது அவளைத் திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் தட்டையாக இருந்தது. "நீ எனக்காக வச்ச பொய்ய, நான் என் பசங்களுக்காக முப்பத்து நாலு வருஷம் காப்பாத்தினேன். மூத்தவ கல்யாணத்துல அவங்கப்பாவப் பத்தி என்ன பேசினா தெரியுமா உனக்கு? நீ அங்கதானே உக்காந்திருந்த. அதை எடுத்து, தொப்பி போட்டவங்க நடுவுல போட்டுட்டு வந்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல."

"யார்கிட்டயும் நீ கேக்க மாட்ட, இல்ல?"

அவள் மெர்லைப் பற்றித் தெரிந்து அதைச் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று ஆர்டிஸுக்கு இன்றுவரை தெரியாது.

"உள்ள வா ஜனெல். காபி போடறேன்."

"இன்னிக்கு வேணாம்." கியரைப் போட்டாள். "சின்னவ உன்னோட பேசணும்னு சொல்றா. அவங்கப்பா எப்படி இருந்தாருன்னு அவளுக்குத் தெரியணுமாம், கடைசி மாசங்கள்ல. நான் வேணாம்னுதான் சொன்னேன். அவ கேக்க மாட்டா. வந்தா சொல்லு. ஒன்னையும் குறைக்காத."

சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வண்டி போயிற்று. சின்னவள் ஜூனில் வந்தாள். இரண்டு நாள் தங்கினாள். கேட்டதற்கெல்லாம் ஆர்டிஸ் பதில் சொன்னாள். போகும்போது அந்தப் பெண் அத்தையைக் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்பினாள், பத்திரமாக வந்துவிட்டேன் என்று.

இப்போது ஆர்டிஸ் தானியக் கிடங்கில் எடைமேடையருகே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறாள். அதே மசோதாவை அடுத்த கூட்டத்தொடரிலும் கொண்டுவந்தார்கள். அந்த முறை விசாரணை வரைக்கும்கூட அது போகவில்லை. நகரத்துப் பெண் மறுபடி அழைத்தாள். எண்ணிக்கை இப்போது பெல்சரிடம்தான் இருக்கிறது, அவனைக் கேளுங்கள் என்று ஆர்டிஸ் சொன்னாள். பெல்சர் தரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டாள். மாநிலத்துக்கு அனுப்ப வேண்டியதை அனுப்புகிறேன், அதற்கு மேல் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் இல்லை என்றானாம். சட்டப்படி அவன் சொன்னது சரிதான்.

சென்ற ஆகஸ்டில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சரளைச் சாலை, காய்ந்த வயல், நான்கைந்து மைலுக்கு ஒரு வீடு. ஓர் இடத்தில் ராய்ஸின் வண்டி முற்றத்தில் நின்றது. அதன் பின்னால் பெல்சரின் வெள்ளை வண்டி. அந்த வீட்டுக்காரருக்கு வயது எழுபதுக்கு மேல். மனைவி அதற்கு முந்தின வருடம் இறந்தாள், அவளுக்குக் கடைசியாக உடுத்த உடையெடுத்துக் கொடுக்க ஆர்டிஸ்தான் போயிருந்தாள். வாசலில் நாய் ஒன்று குரைத்துக்கொண்டிருந்தது, அதை யாரும் அடக்கவில்லை.

அவள் கால் தானாகவே பிரேக்கை அழுத்திவிட்டது. வண்டி சாலை நடுவில் நின்றது. நெஞ்சுவலியாகவும் இருக்கலாம், வயசானவர்தானே என்று சொல்லிக்கொண்டாள். பெல்சர் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தான். அவள் வண்டியைப் பார்த்தான். இருவருக்கும் நடுவில் வேலியும் நூறு கஜ தூரமும் இருந்தன. அவன் முகம் வெளிறிப் போயிருந்தது, அது அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. கையைத் தூக்குவதைப் போலச் செய்தான், பிறகு இறக்கிவிட்டு நாயைப் பிடிக்கப் போனான்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வெண்டல் சூப்பைச் சூடுபடுத்தி வைத்திருந்தார்.